பன்னிரண்டா, இருபதா என்று கேட்டு வந்த இருவர்

நான் நின்ற கவுண்டரில் இப்போது எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் நிற்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல செய்திதான். ஆனால் வாழ்த்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. என்றைக்காவது ஒருவர் உங்களிடம் வந்து, புறா சுடப் பழைய பம்ப் துவக்கு ஒன்று வாங்கப்போகிறேன், பன்னிரண்டு கேஜ் எடுக்கவா, இருபது கேஜ் எடுக்கவா என்று கேட்பார். விடை உங்கள் நாக்கு நுனியில் இருக்கும். என் நாக்கு நுனியிலும் இருந்தது, ஒரு சனிக்கிழமை வரை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆமி வந்து குடியேறியபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அதோடு படிப்பு முடிந்தது. பிறகு ஜெர்மனியில் அகதி முகாம், பாரிசில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவும் வேலை, சுவிஸில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பனி வழிக்கும் வேலை. லண்டனுக்கு வந்து பெட்ரோல் ஷெட், மீன் குளிரறை, இன்னும் சில. எதிலும் கால் தரிக்கவில்லை. களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுட்டுப் பழகும் மைதானம் ஒன்றில் தட்டு ஏற்றப் போனேன். அங்கே வந்துபோன ஒருவர் சட்டனுக்குத் தெற்கே துவக்குக் கடை வைத்திருந்தார். ஆள் வேண்டும் என்றார். பொலிஸ் என் பூர்வீகம் முழுவதையும் கிண்டிப் பார்த்து, சரி நிற்கட்டும் என்றது. துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடியவன் துவக்கு விற்கிறான் என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு வாடகை கட்டவேண்டியிருந்தது. இந்த நாட்டில் குழாய்த் துளையின் அளவைக் கேஜ் என்னாமல், துளை என்ற பொருளில் 'போர்' என்பார்கள். நாலு நாட்டுக்கு என்னை ஓடவைத்த சொல் அது என்பதால் நான் கேஜ் என்றே சொல்லிப் பழகினேன். அவர்களும் விட்டுவிட்டார்கள்.

கடையின் பின்பக்கம் பட்டறை. அங்கே துவக்கு திருத்துகிறவள் ஓர் ஆங்கிலப் பெண். பேச்சுக் குறைவு, தேநீர் அதிகம். அவளுடைய வேலை மேசைக்கு மேலே சுவரில் ஒரு துவக்குக் குழாய் தொங்கும். ஒரு பக்கம் வெடித்து, உரித்த வாழைப்பழத் தோல் மாதிரி விரிந்திருக்கும். சேர்ந்த புதிதில், இது யாருடையது என்று கேட்டேன். அவள் பெயர் சொல்லவில்லை. தன் இடது கையை நீட்டி, மற்றக் கையின் விரலால் மணிக்கட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பிறகு அரத்தை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நான் கவுண்டருக்குத் திரும்பினேன்.

இனி அந்தச் சனிக்கிழமை.

நேசன், சுகந்தி என்று கணவன் மனைவி. ஃபாரஸ்ட் கேட்டில் மரக்கறிக் கடை. இருவரும் பிரான்சில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு முட்டைக்கோவாவும் லீக்ஸும் கொடுக்கிற கென்ட் பக்கத்துத் தோட்டக்காரர், என் கோவாவை முழுக்கப் புறா தின்கிறது, வந்து சுடு என்று நேசனைக் கூப்பிட்டிருக்கிறார். அப்படித்தான் நேசனுக்கு இந்தப் பழக்கம் வந்தது. அவரிடம் முப்பது நாற்பது வயதான பம்ப் துவக்கு ஒன்று இருந்தது, பன்னிரண்டு கேஜ். சும்மா கூடப் போய்க்கொண்டிருந்த சுகந்திக்கும் ஆசை பிடித்து, மைதானத்தில் வகுப்பெடுத்து, அனுமதியும் கிடைத்துவிட்டது. அவவுக்கு ஒன்று வாங்க வந்திருந்தார்கள். வாங்கிக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போவதாகத் திட்டம். துவக்கைக் காருக்குள் விட்டுவிட்டு வரக்கூடாது என்பதால் நேசன் தன்னுடையதையும் உறையோடு தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

எங்களிடம் அப்போது பழைய பம்ப் இரண்டு இருந்தன. ஒன்று பன்னிரண்டு, மற்றது இருபது. இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தேன். குழாயில் சோதனை முத்திரை இருக்கிறதா, தோட்டா வரிசையாக நிற்கும் மகசீன் இரண்டுக்கு மேல் ஏற்காமல் அடைத்திருக்கிறதா என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அதை விடுகிறேன்.

"அண்ணை, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கோ," என்று நேசன் தொடங்கினார். "இவவுக்கும் பன்னிரண்டை எடுத்தால் ரெண்டு பேருக்கும் ஒரே தோட்டா. எந்தக் கடையிலையும் வாங்கலாம். இருபது எண்டுறது சின்னப் பிள்ளையளின்ர சாமான்."

"அப்ப நீங்கள் உந்தப் பெரிய சாமானாலை விழுத்தின புறாவை ஒருக்கா எண்ணிச் சொல்லுங்கோ பாப்பம்," என்றா சுகந்தி.

"புறா பறக்குமெல்லே?"

"இருபதுக்கும் பறக்கும். எனக்குத் தோள் நோகாது. வித்தியாசம் அவ்வளவுதான்."

நான் சிரித்துக்கொண்டே என் விடையைச் சொன்னேன். நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள். எண் கூடக் குழாய் சிறியது. இருபது பாரம் குறைவு, உதைப்பும் குறைவு. பன்னிரண்டின் தோட்டாவுக்குள் ஈயச் சன்னம் அதிகம், தோட்டாவும் மலிவு. பழைய துவக்கு என்றால் எந்த நீளத் தோட்டாவுக்குச் செய்தது என்று குழாயில் பார்த்து வாங்கவேண்டும். பிறகு தோளில் வைத்துப் பார்த்து, எது பொருந்துகிறதோ அதை எடுக்கவேண்டியதுதான். எல்லாம் சரியான விடை. அதில் ஒரு பிழையும் இல்லை. நடக்கவிருந்ததுக்கு அதில் ஒரு சொல்லும் உதவியிருக்காது.

"முதலிலை என்ர துவக்கைப் பிடிச்சுப் பாரும்," என்று நேசன் தன்னுடையதை உறையிலிருந்து எடுத்தார். குழாய்க்குக் கீழே இடது கை பிடிக்கும் பம்பைப் பின்னுக்கு இழுத்து, வெற்றுத் தோட்டா வெளியே விழும் பக்கவாட்டு வாயைத் திறந்து காட்டினார். மூவரும் பார்த்தோம். தோட்டா இருக்கும் இடம் வெறுமை. மகசீனும் வெறுமை. சுகந்தி அதை வாங்கி, யாரும் இல்லாத சுவரைப் பார்த்துத் தோளில் வைத்தா.

"பாரமாத்தான் கிடக்கு," என்றா.

"பாரம் எண்டால்தான் உதைக்காது. ஆனா அண்ணை, இதின்ர குறையையும் சொல்லோணும்." நேசன் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கதை சொல்ல ஆயத்தமாகிற முகம். "போன கிழமை தோட்டத்திலை ஒரு புறாக் கூட்டம் வருது, நல்லாப் பதிஞ்சு. விசையை இழுத்தன். டிக் எண்டுது. அவ்வளவுதான். பம்பைப் பின்னுக்கு அடிச்சால் ஒண்டும் வெளியாலை வரேல்லை. தோட்டாவே போடாமல் சுட்டிருக்கிறன்!"

"வயசு போனால் அப்பிடித்தான்," என்றா சுகந்தி, துவக்கைத் தோளிலிருந்து எடுக்காமலே.

"இன்னொண்டைப் போட்டிருப்பன் அண்ணை. கை பொக்கற்றுக்கை போயிட்டுது. அதுக்குள்ளை இவ பின்னாலை நிண்டு, 'வாங்கோ, சோறு ஆறுது' எண்டு ஒரே கத்தல். இருந்த புறாவும் போயிட்டுது. சரியெண்டு சாப்பிடப் போனன். பிறகு மழை."

நான் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை.

டிக் என்று ஒரு சத்தம். பம்பை இழுத்தால் ஒன்றும் வெளியே வரவில்லை. தோட்டா போட மறந்திருக்கலாம், மனிதர் மறப்பதுண்டு. ஆனால் இந்தத் தொழிலில் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இருபது கேஜ் தோட்டா ஒன்று தவறிப் பன்னிரண்டு கேஜ் துவக்குக்குள் போனால் அது தன் இடத்தில் நிற்காது. மெலிந்தது என்பதால் வழுக்கி முன்னே போய், குழாய் ஒடுங்கும் இடத்தில் இறுகிக்கொள்ளும். தோட்டாவை அடிக்கும் ஊசி அதை எட்டாது. ஆகவே டிக். தோட்டாவை வெளியே இழுக்கிற கொக்கியும் அதை எட்டாது. ஆகவே ஒன்றும் வெளியே வராது. பக்கவாட்டு வாயால் பார்த்தால் வெறுமை, ஏனென்றால் அங்கிருந்து அவ்வளவு முன்னுக்குத் தெரியாது. அதற்குப் பின்னால் பன்னிரண்டு ஒன்றைப் போட்டால் ஒரு தடங்கலும் இல்லாமல் போய் நிற்கும். அடுத்த தரம் விசையை இழுக்கிறபோது, முன்னால் அடைப்பு. இடது கை சரியாக அந்த இடத்துக்குக் கீழே, பம்பைப் பிடித்தபடி இருக்கும்.

பட்டறைச் சுவரில் தொங்கும் குழாய் அப்படி வெடித்ததுதான்.

இவ்வளவையும் நான் நின்று யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். யோசிக்க நேரம் இருக்கவில்லை. அதே நேரம் நேசனின் கை கோட்டுப் பொக்கற்றுக்குள் போய், சிவப்புத் தோட்டா ஒன்றோடு வெளியே வந்தது. பன்னிரண்டு. தோட்டாவோடு கடைக்குள் வரவேண்டாம் என்று எங்கள் கதவில் பெரிதாக எழுதியிருக்கிறது. எங்கள் ஆட்கள் கதவில் எழுதியிருப்பதை வாசிப்பதில்லை.

"இதை உள்ளை போட்டிட்டு ஒருக்காப் பம்பை அடிச்சுப் பாரும்," என்று மனைவியிடம் நீட்டினார். "அப்பத்தான் உண்மையான பாரம் தெரியும்."

"சுடுறேல்லைத்தானே?"

"சீ, சும்மா அளவு பாக்கத்தானே."

அவவின் விரல் விசைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் கத்தியிருக்கலாம். கத்தவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் திடுக்கிட்ட கை இறுகும். துவக்குப் பிடித்த கை இறுகினால் என்ன ஆகும் என்பதை இந்த நாட்டுக்கு வருமுன்பே பார்த்தவன் நான். பாய்ந்து பறிக்கவும் முடியாது. இடையில் மேசை. உங்களுக்கு இப்படி ஒரு நேரம் வந்தால் இதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: ஒருவரின் கையிலிருந்து ஒன்றை எடுக்கவேண்டுமென்றால் அந்தக் கைக்கு வேறொன்றைக் கொடுங்கள். மேசையில் கிடந்த இருபதை எடுத்து, திறந்து காட்டி, அவவுக்கு நீட்டினேன்.

"தங்கச்சி, இதை ஒருக்காப் பிடியும். அதை என்னட்டைத் தாரும்."

குரல் எப்படி அவ்வளவு சாதாரணமாக வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவ இருபதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பன்னிரண்டை நீட்டினா. வாங்கியதும் அதை மார்போடு அணைத்து, குழாயின் வாயை நிலத்துக்குத் திருப்பினேன்.

"நேசன், கையிலை இருக்கிறதைக் கீழை வையும்."

"என்ன அண்ணை, பகிடிக்குத்தானே."

"வையும்."

அந்த ஒரு சொல்லில் ஏதோ தெரிந்திருக்கவேண்டும். வைத்தார்.

பட்டறைக்குள் போய் அந்த ஆங்கிலப் பெண்ணிடம், குழாய் அடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், துவக்கை வாங்கினாள். குழாயைக் கழற்றி, பின்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே வைத்து ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அதை என்னிடம் தந்தாள். நானும் பார்த்தேன். வெளியே நல்ல வெயில். பழைய குழாய் என்றாலும் உள்ளே வெள்ளிக் காசு மாதிரி ஒரு வட்ட வெளிச்சம் தெரியவேண்டும். தெரியவில்லை. கறுப்பு. பகல் அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அதைவிடப் பொருத்தமான சொல் அன்று அந்தக் கடைக்குள் இருக்கவில்லை.

எப்படி எடுத்தாள் என்பது அவள் வேலை. நீங்கள் ஒருபோதும் முயலவேண்டாம், அப்படியே அவளிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். எடுத்தபோது அது மேசை விரிப்பில் விழுந்த சத்தம், வீட்டுச் சாவி விழுகிற சத்தத்தைவிடக் குறைவு. மஞ்சள் நிறம். பார்த்தவுடன் தெரியட்டும் என்பதற்காகத்தான் இருபது கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் அடிக்கிறார்கள்.

அதைக் கொண்டுவந்து கவுண்டரில், நேசனின் சிவப்புத் தோட்டாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது உம்மட துவக்குக்குள்ளை இருந்தது. போன கிழமையிலை இருந்து."

நேசன் முதலில் சிரித்தார். "இருக்காது அண்ணை. என்னட்டை இருபதே இல்லையே."

சுகந்தி மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தா. கையிலிருந்த துவக்கை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பின்னுக்கு எடுத்துக்கொண்டா, சூடான சட்டியைத் தொட்ட மாதிரி.

"என்ரை," என்றா. "வகுப்பிலை இருபது கேஜ்தான் தந்தவை. மிஞ்சினது கோட்டுக்கை கிடந்தது. வீட்டை வந்து டப்பாவுக்கை போட்டனான்."

"எந்த டப்பா?"

"ஐஸ்கிரீம் டப்பா. இவரின்ர தோட்டாவும் அதுக்கைதான். அட்டைப் பெட்டி நனைஞ்சு பிஞ்சு போச்சுதெண்டு நான்தான் மாத்தி வைச்சனான்."

பட்டறைக்காரி வாசலில் நின்று, என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டாள். ஐஸ்கிரீம் டப்பா என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? எங்கள் வீடுகளில் டப்பாவின் மேலே என்ன எழுதியிருக்கிறதோ அது உள்ளே இருக்காது. பிஸ்கட் டின்னில் நூலும் ஊசியும், மாஜரின் டப்பாவில் இடிச்ச சம்பல், ஐஸ்கிரீம் டப்பாவில் முருங்கைக்காய்க் குழம்பு. கழுவி வைத்து, கைக்கு வந்ததைக் கைக்கு வந்ததில் போடுவோம். மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும் என்றால் முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

"பொக்கற்றிலை இருக்கிறது எல்லாத்தையும் எடும்," என்றேன் நேசனிடம்.

அள்ளி அள்ளிப் போட்டார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. அவற்றுக்கு நடுவே மஞ்சள். இன்னொரு கை அள்ளியபோது இன்னொரு மஞ்சள். அன்றைக்குப் பின்னேரம் அவர் புறா சுடக் கொண்டுபோகவிருந்த தோட்டாக்கள் அவை.

"நான் பாத்துப் போடுறேல்லை அண்ணை." அவருடைய குரல் தணிந்துவிட்டது. "கண் புறாவிலை நிக்கும். கை தன்ர பாட்டிலை போடும்."

பட்டறைக்காரி உள்ளே போய், சுவரில் தொங்கிய குழாயைக் கழற்றி வந்து, அவர்கள் இருவருக்கும் முன்னால் வைத்தாள். இத்தனை வருடத்தில் அது சுவரை விட்டு இறங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இந்த முறை அவள் மணிக்கட்டில் கோடு இழுத்துக் காட்டவில்லை. தேவைப்படவில்லை. நேசன் குனிந்து, விரிந்துபோயிருந்த இரும்பைப் பார்த்தார். ஓரங்கள் கத்தி மாதிரி இருந்தன. அது எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது என்று பார்த்தார். பம்பைப் பிடிப்பதுபோல இடது கையைத் தன்னையறியாமல் காற்றில் உயர்த்தினார். கை சரியாக அந்த இடத்துக்குக் கீழே போய் நின்றது.

சுகந்தி அந்தக் கையை எட்டிப் பிடித்தா. விரல்களை அல்ல, மணிக்கட்டைச் சுற்றி. பிடித்தபடியே நின்றா.

நான் அந்தக் கவுண்டரில் துவக்கு விற்றேன், திருத்தக் கொடுத்தேன், ஆட்களைத் திருப்பியும் அனுப்பினேன். நான் பயந்தது அன்றைக்குத்தான். ஷெல் விழுந்தபோது பயப்படவில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அது எதிர்பார்த்த பயம். இது பகல் வெளிச்சத்தில், விலை பேசிச் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் வந்தது. மனிதர் அதை ஒரு பகிடியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாரத்தையும் உதைப்பையும் பற்றி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே பன்னிரண்டா இருபதா என்று உங்களைக் கேட்டால் உடனே விடை சொல்லாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே என்ன துவக்கு இருக்கிறது, இன்னொருவர் சுடுகிறாரா, அவர் என்ன கேஜ், தோட்டாவை எதற்குள் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எங்கள் ஆள் என்றால் கடைசிக் கேள்வியை இரண்டு தரம் கேளுங்கள். முதல் தரம் பெட்டிக்குள் என்றுதான் சொல்வார்கள். தோள் எந்தத் துவக்குக்கும் பழகிவிடும். ஒரு வீட்டுக்குள் இரண்டு அளவு பழகுவது கடினம். அவர்கள் தம் துவக்கின் குறையைச் சிரித்துக்கொண்டு சொன்னால் நீங்கள் சிரிக்கமுன் முழுக்கக் கேளுங்கள்.

அந்தக் குழாயின் முன்னால் முதலில் பேசியது நேசன்.

"இந்தப் பன்னிரண்டு இஞ்சையே நிக்கட்டும் அண்ணை. எனக்கு வேண்டாம். இவ இருபதை எடுக்கட்டும். எனக்கும் ஒரு இருபது வந்தால் சொல்லுங்கோ."

"உங்களுக்கு அது சின்னப் பிள்ளையளின்ர சாமானெல்லே," என்றா சுகந்தி. பகிடியாகத்தான் தொடங்கினா. பாதியில் நிறுத்தித் தலையை ஆட்டினா. "வேண்டாம். நான் பன்னிரண்டு எடுக்கிறன். தோள் நொந்தால் நோகட்டும்."

"இல்லையப்பா, இருபது."

"நான் சொல்றதைக் கேளுங்கோவன்."

"இண்டைக்கு ஒண்டும் எடுக்க வேண்டாம்," என்றேன் நான். முதலாளி அந்தப் பக்கத்திலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன். "ரெண்டு பேரும் வீட்டை போய் அந்த டப்பாவைக் கொட்டிப் பிரியுங்கோ. பிறகு வாங்கோ. இந்தத் துவக்கைப் பட்டறைக்காரி சோதிக்கோணும், அது இஞ்சை நிக்கும்."

நேசன் தலையாட்டினார். வெறும் உறையைத் தோளில் மாட்டப் பார்த்தார், மாட்ட வரவில்லை. சுகந்தி அதை வாங்கி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கார்ச் சாவிக்குக் கையை நீட்டினா. அவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

ஆனாலும் அவர் நகரவில்லை. மஞ்சள் தோட்டாவைப் பார்த்தபடியே நின்றார். "அண்டைக்கு நீர் சாப்பிடக் கூப்பிட்டிராட்டில்..." என்று தொடங்கினார்.

அவ அதை முடிக்க விடவில்லை. கடைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பியபடி சொன்னா:

"வாங்கோ. காருக்கை சோறு ஆறுது."

அவர் உடனே போனார்.